முட்டி தேயாத கால்சட்டைகள்

வெளிச்செல்லும் கடிதம் எண் 1
ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நால்வரும் சுகம். உன் முதுகுவலி கிளம்பிப் போய்விட்டதா, இல்லை வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி இன்னும் உட்கார்ந்திருக்கிறதா?

என் போன் ரிப்பேர். அவர் தம் அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடையில் கொடுத்திருக்கிறார். அது வரும்வரை கடிதம்தான். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதுவது போல இருக்கிறது.

பிள்ளைகளுக்குத் துணி வேண்டும். நீ வேலை பார்க்கும் பழந்துணிக் கடையிலிருந்தே அனுப்பு. புதுத்துணியால் பயனடைவது பிள்ளை அல்ல, துணிக்கடைக்காரன் என்று அவர் சொல்கிறார். வாயாடிக்கு நாலரை வயது முடிந்தது. தோளிலிருந்து முட்டி வரை இருபத்துநான்கு அங்குலம். உருண்டைக்கு இரண்டரை. இடுப்பு இருபது, கால்சட்டை நீளமும் இருபது. சதுரமாக இருக்கிறான். வாயாடிக்குச் சின்னதாகிப்போன மஞ்சள் கவுனை மாற்றுத்துணிக் கணக்கில் அனுப்பியிருக்கிறேன். நல்ல வெளிச்சத்தில் பார்த்து எடுத்துக்கொள்.

வீடு மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். நல்ல சுவர். வாயாடி அதன் செங்கற்களை வைத்து எண்ணக் கற்றுக்கொண்டாள். நூற்றுப்பதினான்கு வரை வந்திருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

பி.கு.: மேற்படி கடிதம் பார்வையிடப்பட்டது. ஆட்சேபணை இல்லை. தாங்கள் அனுப்பும் துணிகள் முன்பின் தெரியாதவர்களின் உடம்பில் இருந்தவை என்பதால், மூன்று முறை வெந்நீரில் அலசப்படும்வரை நான் அவற்றைத் தொடுவதில்லை. இது தங்களைக் குறைத்துச் சொல்வதாகாது. — தங்கையின் கணவர்

•

உள்வரும் கடிதம் எண் 1
ஜனவரி 25

அடி சின்னவளே,

நான் சுகமாக இருக்கிறேன். முதுகுவலியும் சுகமாக இருக்கிறது. மாப்பிள்ளையின் பின்குறிப்பு படித்தேன். கல்யாணத்தன்று மனிதர் மூன்று வார்த்தைகூடப் பேசவில்லையே என்று வருத்தப்பட்டேன். எல்லாவற்றையும் இதற்காகச் சேர்த்து வைத்திருந்தார் போலிருக்கிறது.

இத்துடன் கவுன் மூன்று, கால்சட்டை மூன்று, மேல்சட்டை நான்கு. பூப்போட்ட கவுனுக்காக இங்கே ஒரு சண்டையே நடந்தது. ஒரு அம்மா அதை எடுத்து அக்குளை முகர்ந்தாள், காலரைத் திருப்பினாள், பட்டனைப் பல்லால் கடித்தாள். கடைசியில், "இத யாரு போட்டிருந்தாங்க?" என்று கேட்டாள். முதலாளியம்மா தலை நிமிராமல், "நல்ல குடும்பத்துப் பொண்ணுதான். ஜாதகம் வேணும்னா வாங்கித் தரேன்" என்றாள். அந்த அம்மா கோபித்துக்கொண்டு போக, கவுன் வாயாடிக்கு மிஞ்சியது.

ஒரு விஷயம். நீ அனுப்பிய மஞ்சள் கவுனின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தாய். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குத்தூசி இல்லை, ஆடுகிற பட்டன் இல்லை, கழுத்தை இறுக்கும் நாடா இல்லை. ஆறு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கட்டியவளுக்கு இதுகூட மறந்துவிட்டதா? வெள்ளை நூல் என்றால் அப்படியே விற்கலாம். நீலம் என்றால் தைத்து விற்கலாம். சிவப்பு என்றால் பிள்ளைமேல் படக்கூடாது, உடனே எடுத்துவிடு. முதலாளியம்மா பார்த்துவிட்டு, "என்னடி, உன் தங்கச்சிக்குக் கை மறந்துபோச்சா, கண்ணு மறந்துபோச்சா?" என்று சிரித்தாள். சிவப்பை அறுத்துவிட்டு வெள்ளையைக் கட்டினேன். அரைமணியில் விற்றுப்போயிற்று.

பிள்ளைகளுக்கு முத்தம். மாப்பிள்ளைக்கு வணக்கம்.

அக்கா

•

வெளிச்செல்லும் கடிதம் எண் 2
பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

துணிகள் கிடைத்தன. அளவு சரி. நூல் என் தவறு. மறந்துவிட்டேன்.

உன் தங்கை

பி.கு.: பார்வையிடப்பட்டது. நூல்களின் நிறம் குறித்துத் தாங்கள் விரிவாக விளக்கியமைக்கு நன்றி. இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. இனித் திருப்பி அனுப்பப்படும் துணிகளில் எவ்வித நூலும் கட்டக்கூடாது என அறிவுறுத்தப்பட்டுள்ளது. வீட்டிலிருந்த நூல்கண்டுகள் அலுவலகத்தில் பத்திரமாக உள்ளன. கடிதப் போக்குவரத்து மாதம் ஒன்று என வரையறுக்கப்பட்டிருக்கிறது. — தங்கையின் கணவர்

•

உள்வரும் கடிதம் எண் 2
மார்ச் 10

சின்னவளே,

நான் நலமாக இருக்கிறேன். நீ நலமா? இதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. கேட்கிறேன்.

ஒரு மாதம் கழித்து நான்கு வரி எழுதியிருக்கிறாய். நீ கடைக்கு வரும் அம்மாக்களிடம் ஒரு பட்டனைப் பற்றியே கால்மணி நேரம் பேசினவள். நூல் விஷயத்தில் கேலி செய்ததற்குக் கோபமா? முதலாளியம்மாவும் கேட்டாள். "தங்கச்சிய ரொம்ப வாரிட்டியோ? அதுக்குத்தான் வாயடைச்சுப் போச்சா?" என்றாள்.

வாயாடிக்குப் பள்ளிக்கூடச் சீருடை ஒன்று அனுப்பியிருக்கிறேன். நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை. இதைப் போட்டிருந்த பெண் பாவாடைப் பைக்குள் ஒரு பென்சில் துண்டை விட்டுவிட்டுப் போயிருந்தாள். ராசியாக இருக்கட்டும் என்று எடுக்காமல் விட்டிருக்கிறேன். வாயாடியைச் சேர்க்கிற அன்றைக்கு நான் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போகட்டுமா? பத்து மணி நேரப் பேருந்துதானே. முதுகைக் கடையில் வைத்துவிட்டு வருகிறேன்.

அக்கா

•

வெளிச்செல்லும் கடிதம் எண் 3
ஏப்ரல் 8

மதிப்பிற்குரிய மூத்த மைத்துனியார் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். தங்கள் நலமும் திருப்திகரமாக இருக்கும் எனக் கருதப்படுகிறது.

இம்மாதக் கடிதத்தை நானே எழுதும்படி ஆயிற்று. மனைவி எழுதிய மூன்று வரைவுகளும் தேவைக்கு மீறி நீளமாக இருந்தன.

தாங்கள் நேரில் வர விரும்புவது பரிசீலிக்கப்பட்டது. வீட்டில் நாற்காலிகள் இரண்டு. அவற்றுள் ஒன்று என்னுடையது. எனவே இவ்வாண்டு சாத்தியப்படாது. பெண் குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது அடுத்த ஆண்டு முடிவு செய்யப்படும். சீருடை திருப்பி அனுப்பப்படுகிறது. பென்சில் துண்டு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.

எங்கள் தெருவில் வண்டிகளின் வேகம் அதிகம். மனிதர்களும் சரியில்லை. ஆகவே நான் அலுவலகம் செல்கையில் குடும்பத்தின் பாதுகாப்புக்கு வெளிப்புறத்தில் உரிய ஏற்பாட்டைச் செய்துவிட்டே செல்கிறேன். இதுபற்றிக் குடும்பத்தாரிடமிருந்து எழுத்துமூலமாகப் புகார் எதுவும் இதுவரை பெறப்படவில்லை.

சிறியதாகிப்போன துணிகள் ஒன்பது, நூல் ஏதுமின்றி, அனுப்பப்பட்டுள்ளன. பொட்டலம் கட்டியது மனைவி. நான் மேற்பார்வை மட்டும்.

தங்கள் உண்மையுள்ள,
தங்கையின் கணவர்

•

உள்வரும் கடிதம் எண் 3
ஏப்ரல் 19

அன்புள்ள சின்னவளுக்கு,

நான் மிகவும் சுகமாக இருக்கிறேன். மாப்பிள்ளையின் கைப்பட வந்த கடிதத்தைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். வெளிப்புறத்தில் அவர் செய்திருக்கும் ஏற்பாட்டைப் பற்றி முதலாளியம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். அவள் இரண்டாம் முறை படிக்கச் சொன்னாள்.

துணிகள் வந்து சேர்ந்தன. இந்தத் தொழிலில் இருபது வருஷமாக இருக்கிறேன். இப்படிப் பராமரித்த பிள்ளைத்துணியை நான் பார்த்ததில்லை. இரண்டரை வயதுப் பையனின் கால்சட்டை முதலில் முட்டியில்தான் போகும். முட்டி போகாத ஒன்று இதுவரை இந்த மேஜைக்கு வந்தது கிடையாது. உருண்டையுடையவை மூன்றிலும் முட்டி நெய்த அன்று இருந்தபடியே இருக்கிறது. உட்காரும் இடம் மட்டும் பூவிதழ் மாதிரித் தேய்ந்திருக்கிறது. வாயாடியின் கவுன்களில் தோள்பட்டை வெயிலில் வெளுக்கவே இல்லை. ஓரத்தில் மண் இல்லை. புல்கறை இல்லை. முன்பக்கத்தில் மட்டும், மார்பு உயரத்தில், ஒரு கோடு. ஜன்னல் கட்டையில் சாய்ந்து நின்றால் விழுகிற கோடு.

ஒன்பதையும் மேஜையில் வரிசையாகப் பரப்பி வைத்து நானும் முதலாளியம்மாவும் ரொம்ப நேரம் பார்த்தோம். அவள் வாய் உனக்குத் தெரியுமே. அன்றைக்கு அந்த முட்டிகளையே தடவிக்கொண்டிருந்தாள். முதல் தரம் என்று எழுதச் சொன்னாள். என் பாராட்டை மாப்பிள்ளைக்கு மறக்காமல் சொல்.

மஞ்சள் கவுன் விஷயத்தில் தவறு என்னுடையது. எனக்குப் பார்வை மங்கியிருந்தது. இப்போது கண்ணாடி போட்டிருக்கிறேன். எல்லாம் நன்றாகத் தெரிகிறது.

அக்கா

•

வெளிச்செல்லும் கடிதம் எண் 4
மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். நீ கண்ணாடி போட்டது ரொம்பச் சந்தோஷம். கழற்றிவிடாதே.

வாயாடி செங்கற்களை எண்ணி முடித்துவிட்டாள். மொத்தம் முந்நூற்று எண்பத்தாறு. இப்போது முதலிலிருந்து மறுபடியும் சரிபார்க்கிறாள். உருண்டை பகலெல்லாம் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறான். எவ்வளவு தூக்கி வந்தாலும் திரும்பப் போய் அங்கேயே உட்காருகிறான். சாயங்காலம் சாவிச் சத்தம் கேட்டதும் கை தட்டுகிறான். அவன் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை "அம்மா" இல்லை, அக்கா. "தெற".

உடம்பைப் பார்த்துக்கொள். முதுகைக் கடையில் வைத்துவிட்டு வருவதாக எழுதியிருந்தாயே. சிரித்தேன். வாயாடி என்னை வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா சத்தம்?" என்று கேட்டாள்.

உன் தங்கை

பி.கு.: பார்வையிடப்பட்டது. தங்கள் பாராட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டு, அலுவலகத்தில் சக ஊழியர்களுக்கும் வாசித்துக் காட்டப்பட்டது. சாவிச் சத்தத்துக்குக் குழந்தை கை தட்டுவது தந்தைப் பாசத்தின் வெளிப்பாடு. எனவே அப்பகுதி நீக்கப்படாமல் அனுமதிக்கப்பட்டது. — தங்கையின் கணவர்

•

உள்வரும் கடிதம் எண் 4
மே 24

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு,

வணக்கம். அனைவரின் சுகத்துக்கும் வேண்டுகிறேன். இம்முறை உங்களுக்கே நேராக எழுதுகிறேன், முடிவெடுப்பவர் நீங்கள் என்பதால்.

ஜூன் மூன்றாம் சனிக்கிழமை எங்கள் முதலாளியம்மா உங்கள் ஊரில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பிள்ளைத்துணி விற்பனை நடத்துகிறாள். விசேஷம் என்னவென்றால், அவரவர் பை கொண்டுவரலாம். பை எவ்வளவு பெரிதோ அவ்வளவும் ஒரே விலை. கழுத்துவரை அடைத்துக்கொள்ளலாம். இரண்டு பிள்ளைகளுக்கு மூன்று வருஷத்துக்குத் தேவையானதை ஒரே பையில் முடித்துவிடலாம் என்பது என் மதிப்பீடு.

பிள்ளைகளை அழைத்து வந்து போட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். மாற்றித்தர மாட்டோம். போட்டுப் பார்க்கும் இடத்தில் தாய்மார்கள் பால் கொடுப்பதால் ஆண்களுக்கு அனுமதி இல்லை. தவிர, உள்ளே நாலாயிரம் பேர் போட்ட துணி குவிந்து கிடக்கும். அந்த வாடை உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. முன்வாசலில் உங்களுக்கென்று ஒரு நாற்காலி போட ஏற்பாடு செய்கிறேன். புது நாற்காலி.

வாயாடிக்கு ஒரு கவுன் இத்துடன். கைதவறி எட்டு வயது அளவு வந்துவிட்டது. கீழ்மடிப்பைப் பிரித்துச் சுருக்கித் தைக்கும்படி என் தங்கையிடம் சொல்லவும்.

அக்கா

•

எண்ணிடப்படாதது. கவுனின் கீழ்மடிப்புக்குள் துணிச்சுருளில், பேனாவால் எழுதியது.

கண்ணே, பிள்ளைமேல் படக்கூடாது என்று நீ கட்டிய நூலை நானே அறுத்தேன். என்னைப் பிறகு திட்டிக்கொள். மண்டபத்தில் வலது பக்கம் மூன்றாவது திரை. அதற்குப் பின்னால் மூட்டை இறக்குகிற கதவு. அது உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டது. நீயே திறக்கலாம். வெளியே வேன் நிற்கும். ஓட்டப்போவது முதலாளியம்மா. பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொள், வேறெதையும் தேடாதே. வருவாய் என்றால் கீழ்மடிப்பைத் தைத்துவிட்டதாக எழுது. பயமாக இருந்தால் துணி பொருந்தவில்லை என்று எழுது. அப்படி எழுதினாலும் நான் கோபிக்க மாட்டேன். மறுபடி வேறு வழி பார்ப்பேன்.

•

வெளிச்செல்லும் கடிதம் எண் 5
ஜூன் 3

மதிப்பிற்குரிய மூத்த மைத்துனியார் அவர்களுக்கு,

வணக்கம். அனைவரும் நலம்.

தங்கள் முன்மொழிவு மூன்று மாலைகள் ஆராயப்பட்டு ஏற்கப்பட்டது. நிபந்தனைகள்: உள்ளே இருக்கும் நேரம் நாற்பத்தைந்து நிமிடம். நான் முன்வாசலில் கைக்குட்டையுடன் இருப்பேன். மண்டபத்துக்கு முன்வாசல் ஒன்றுதான் என்பதை நேற்றுத் தெருவிலிருந்தபடியே நேரில் உறுதி செய்துகொண்டேன். பையின் அளவுக்கு வரம்பில்லை எனத் தாங்கள் எழுதியிருப்பதால், எனது பழைய பழுப்புச் சட்டையின் கைகளையும் அடிப்பகுதியையும் தைத்து மூடிப் பையாக மாற்ற உத்தரவிட்டுள்ளேன். தலையணை உறையைவிட இது கொள்ளளவில் பெரியது. இதற்காக நூல்கண்டு ஒன்று தற்காலிகமாக வீட்டுக்கு வழங்கப்பட்டது.

தவறான அளவில் வந்த கவுன் குறித்துத் தங்கள் கவனக்குறைவு பதிவு செய்யப்படுகிறது.

தங்கையின் கணவர்

அக்கா, நீ சுகமா? கவுனின் கீழ்மடிப்பைப் பிரித்துத் தைத்துவிட்டேன். நான்கு முறை பிரித்துப் பார்த்துத்தான் தைத்தேன். பொருந்துகிறது. பொருந்தும். — உன் தங்கை

•

வெளிச்செல்லும் கடிதம் எண் 6
ஜூன் 25

மைத்துனியார் அவர்களுக்கு,

தங்கள் நலம் குறித்து இம்முறை விசாரிக்கப்படவில்லை.

மேற்படி சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு என் மனைவியும் இரு குழந்தைகளும் தங்கள் விற்பனை மண்டபத்துக்குள் சென்றனர். அனுமதிக்கப்பட்ட நாற்பத்தைந்து நிமிடம் முடிந்தும் வரவில்லை. பெருந்தன்மையுடன் மேலும் பதினைந்து நிமிடம் வழங்கினேன். பிறகு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே செல்ல முயன்றபோது, திரைக்கு வெளியே நின்ற பெண்கள் கூட்டமாகச் சத்தமிட்டனர். ஒருத்தி என்னை நோக்கி, "பொம்பளைங்க துணி மாத்துற எடத்துல ஒனக்கு என்னய்யா வேலை? மூக்குல துணி கட்டிக்கிட்டு வந்துட்டான் திருடன் மாதிரி!" என்றாள். என்னை யாரும் இதுவரை ஒருமையில் அழைத்ததில்லை. மாலை நான்கு மணிவரை நாற்காலியில் காத்திருந்தேன். நாற்காலியும் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டது.

மண்டபத்துக்குப் பின்கதவு ஒன்று இருப்பது எனக்கு எழுத்துமூலம் தெரிவிக்கப்படவில்லை. இது தகவலை மறைத்தல் ஆகும்.

என் செலவில் வாங்கப்பட்டு, அளவு ஒப்பிடவென உடன் எடுத்துச்செல்லப்பட்ட கீழ்க்கண்ட பொருட்கள் உடனடியாகத் திருப்பி அனுப்பப்பட வேண்டும்: கவுன்கள் நான்கு. கால்சட்டைகள் மூன்று. மேல்சட்டைகள் நான்கு. பையாக மாற்றப்பட்ட என் பழுப்புச் சட்டை ஒன்று. நபர்கள் குறித்துத் தனிக்கடிதம் பின்னர் வரும்.

தங்கையின் கணவர்

•

வெளிச்செல்லும் கடிதம் எண் 1
(இனி நாங்களும் எண் போட்டுக்கொள்கிறோம்)
ஆகஸ்ட் 9

மாப்பிள்ளைக்கு,

நாங்கள் நலம். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். நபர்கள் குறித்த தனிக்கடிதத்தை இனி என் தங்கையின் வக்கீலம்மாவுக்கு அனுப்பவும். முகவரி உறையின் பின்புறம் இருக்கிறது. அவர்களுக்காக இனி அவள்தான் பேசுவாள். அவளும் எல்லாவற்றுக்கும் எண் போடுகிறவள், உங்களுக்குப் பிடிக்கும்.

பொருட்களைத் திருப்பி அனுப்பத் தாமதமானதற்குக் காரணம் உண்டு. கவுன்களைத் தர வாயாடி சம்மதித்தாள். ஆனால் அவள் இன்னும் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கிறாள். கதவு விரியத் திறந்து கிடக்கிறது, அதன் முன்னால் வந்து நிற்கிறாள். "பெரியம்மா, தெறந்து விடு" என்கிறாள். "தெறந்துதான்டி இருக்கு, போ" என்றால், என் முகத்தைப் பார்க்கிறாள், கதவைப் பார்க்கிறாள், நகர மாட்டேன் என்கிறாள். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து போய், திறந்த கதவைத் திறப்பதுபோல் செய்ய வேண்டியிருக்கிறது. முதுகுவலி. ஆனால் செய்கிறேன். என் தங்கையும் வாசல்படிக்கு இந்தப் பக்கமே நின்று பேசுகிறாள். இரண்டு மாதம் ஆகப்போகிறது. சாவிக்கொத்துச் சத்தம் கேட்கக்கூடாது என்று முதலாளியம்மா கடைச் சாவியைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறாள்.

கால்சட்டைகளை எங்களால் திருப்பித்தர இயலவில்லை. உருண்டை மூன்றையும் முட்டியில் கிழித்துவிட்டான். ஒட்டுப்போட்டேன். ஒட்டையும் கிழித்துவிட்டான். மண், புல்கறை, எதிர்வீட்டு நாயின் பல் எல்லாம் இருக்கின்றன. எங்கள் கடைக் கணக்கில் இது மூன்றாம் தரம், தரை துடைக்கத்தான் ஆகும். முதலாளியம்மா அவற்றைக் கல்லாவுக்கு மேலே ஆணி அடித்து மாட்டி வைத்திருக்கிறாள், வாடிக்கையாளர்கள் என்ன நினைத்தாலும் சரி என்று.

கவுன்கள், மேல்சட்டைகளுடன் உங்கள் பழுப்புச் சட்டையும் இத்துடன் வருகிறது. சட்டையின் கைகளிலும் அடியிலும் போட்ட தையலைப் பிரித்து, மூன்று முறை வெந்நீரில் அலசி, தேய்த்து மடித்திருக்கிறேன். அனுப்புவதற்கு முன் வழக்கப்படி மேஜையில் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குத்தூசி இல்லை, ஆடுகிற பட்டன் இல்லை, கழுத்தை இறுக்கும் நாடாவும் இல்லை. நல்ல துணி.

ஆனால் காலரில் ஒரு சிவப்பு நூல் இருக்கிறது. பொட்டலம் கட்டும்போது என் தங்கை கட்டினாள். அதன் அர்த்தத்தை ஜனவரியில் விளக்கியிருந்தேன். பார்வையிட்டிருப்பீர்கள்.

இந்த முறை நான் அதை அறுக்கவில்லை.

அக்கா